மூன்று புலி, பதினைந்து ஆடு, ஓர் இட்லித் தட்டு

(வெள்ளக்கடை மலைக் கிராமத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஊர்க் கவுண்டர் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தோட்ட வேலை முடித்து முகம் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். தம்பிகள் நிமிர வேண்டாம். இன்றைக்கு நான் உங்கள் கட்சி. (சிரிப்பு.)

தலைப்பைச் சொன்னதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் கொஞ்சம் தயங்கினார். “வீடியோ கேமைப் பற்றியா? கம்பராமாயணத்தில் ஏதாவது பேசுங்களேன், பெரியவர்களும் வருவார்கள்” என்றார். கம்பனைப் பேச நாட்டில் ஆள் இருக்கிறது. கம்பனைப் பேசும்போது எதையெல்லாம் காவியம் என்று கொண்டாடுகிறோமோ, அந்தக் கொண்டாட்டத்துக்குத் தகுதியான வீடியோ கேம் ஏதாவது உண்டா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. உண்டு என்பது என் கட்சி. எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன். பிடித்ததெல்லாம் காவியம் ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன்.

அளவுகோல் இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆடு புலி ஆட்டம். இதோ, கரும்பலகையில் போடுகிறேன். உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், குறுக்கே வெட்டும் கோடுகள், மொத்தம் 23 சந்திகள். புலி மூன்று, ஆடு பதினைந்து. மூன்று கூழாங்கல்லும் பதினைந்து காப்பிக் கொட்டையும் இருந்தால் போதும். காப்பி உலர்த்தும் களத்துச் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கோடு இழுத்தால் ஆட்டம் தயார். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் மண்டபத் தரைகளில் இதே கோடுகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆடு வைப்பவர் ஒவ்வோர் ஆடாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடிகிற வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி அதற்குள் நகரலாம், வெட்டலாம். பக்கத்துச் சந்தியில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அடுத்த சந்தி காலியாக இருந்தால், புலி தாண்டி உட்கார்ந்து ஆட்டை எடுத்துவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. புலிகளை நகர விடாமல் அடைத்தால் ஆட்டுக்காரர் ஜெயித்தார்.

இப்போது கவனியுங்கள். ஆடு சாவது புலி பக்கத்தில் வந்ததால் அல்ல, முதுகுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்ததால். பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் மூன்று புலி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. பலகையில் ஆட்டின் படமும் இல்லை, புலியின் படமும் இல்லை. இரண்டு ஆட்டைப் பறிகொடுத்த பிறகு, மூன்றாவது ஆட்டை எங்கே வைப்பது என்று விரல் தானாகத் தயங்குகிறதே, அந்தத் தயக்கத்தில் இருக்கிறது அந்த ஆட்டம் சொல்லும் சேதி. பலகையைத் திருப்பிப் புலிப் பக்கம் உட்கார்ந்தால் அதே கோடுகள், அதே காய்கள், ஆனால் வேறு மனசு. முதல் பத்து நிமிடம் ராஜா மாதிரி இருக்கும். பிறகு ஊரே சேர்ந்து உங்களைச் சுற்றி நிற்கும்.

இதுதான் என் அளவுகோல். ஓர் ஆட்டம் சொல்ல வந்ததைப் படத்தாலும் வசனத்தாலும் சொன்னால் அது நல்ல படம், நல்ல நாடகம். ஆட்டத்தின் சட்டத்தாலேயே சொன்னால், நம் கை செய்வதிலிருந்தே சொன்னால், அதைத்தான் காவியம் என்று ஒப்புக்கொள்வேன். இந்த அளவுகோலை எடுத்தால் பல கோடி ரூபாய் கொட்டி எடுத்த எத்தனையோ ஆட்டங்கள் பட்டியலில் நுழைய முடியாது. முடி ஒவ்வொன்றும் காற்றில் ஆடும், மழைத்துளி தோலில் வழியும், நாம் செய்வது என்னவோ அதே சுடுவதுதான்.

1984-க்குப் போவோம். மாஸ்கோ. சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற ஆய்வாளர். அவர் மேசையில் இருந்த எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டம் என்று காட்டினார். ஐந்து சதுரங்களை ஒட்டிய பன்னிரண்டு வடிவங்களைக் கொண்ட ஒரு பழைய புதிர் அவருக்குப் பிடிக்கும். அதை நான்கு சதுரமாகச் சுருக்கினார், ஏழு வடிவம் வந்தது. அதுதான் டெட்ரிஸ். இங்கே இருக்கிற முப்பது நாற்பது வயதுக்காரர்களுக்கு இது டெட்ரிஸ் என்ற பெயரில் வரவில்லை. திருவிழாக் கடையில் வாங்கிய ‘பிரிக் கேம்’. சாம்பல் நிறத் திரை, பெட்டியின் மேல் 9999 ஆட்டம் என்று எழுதியிருக்கும், உள்ளே பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும்.

2010-ல் அமெரிக்காவின் பெரிய சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட், வீடியோ கேம் ஒருநாளும் கலையாக முடியாது என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, விளையாட்டில் ஜெயிக்கலாம், கலையை ஜெயிக்க முடியாது என்பது. கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் டெட்ரிஸில் ஜெயித்தவர் யார்? அதில் வெற்றி என்று ஒன்று வைக்கவே இல்லை. ஒழுங்காக அடுக்கிய வரிசை கண் முன்னே காணாமல் போகும், இடம் மாறி விழுந்தது மட்டும் குவிந்துகொண்டே இருக்கும், வேகம் கூடும், ஒருகட்டத்தில் உச்சி முட்டும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தீர்கள் என்பது மட்டுமே கணக்கு. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன், 1989-ல் வந்த நிண்டெண்டோ டெட்ரிஸை 157-ஆம் படி வரை ஆடி, நிரலே திணறி உறைந்து நிற்கும்படி செய்தான். மனிதர்களில் அதை முதலில் செய்தவன் அவன்தான். 34 வருடமாக அந்த எல்லை அங்கேயே இருந்தது. அதையும் வெற்றி என்று சொல்லலாமா என்பது என் ஐயம். ஆட்டம் மூச்சை விட்டது, அவ்வளவுதான்.

(பஜித்னோவுக்கு இதிலிருந்து ராயல்டி வரத் தொடங்கியது 1996-ல். பன்னிரண்டு வருடம் உலகமே ஆடியது, செய்தவருக்குக் காசு இல்லை. காவியம் எழுதியவர்கள் நிலை நம் பக்கமும் பெரிதாக வேறில்லை.)

அடுத்தது மாரியோ. டிவியில் மாட்டி, கேசட் சொருகி ஆடிய வீட்டுப் பெட்டி நினைவிருக்கும். பெரும்பாலும் நிண்டெண்டோவின் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். அதில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஓடாத தெரு கிடையாது. 1985-ல் ஷிகேரு மியாமோட்டோவின் குழு செய்தது. அந்த ஆட்டம் முழுவதும் சேர்ந்து 40 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரிது. இடம் போதாமல் வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கிற புதருக்கும் ஒரே படத்தை வைத்தார்கள். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அத்தனை வருடம் ஆடியும் யார் கண்ணிலாவது பட்டதா?

ஆனால் நான் வியப்பது சிக்கனத்தை அல்ல, முதல் அரை நிமிடத்தை. ஒரு சொல் அறிவுரை கிடையாது. மாரியோ இடது ஓரம் நிற்கிறான், வலப்பக்கம் திறந்த வெளி, ஆகவே அந்தப் பக்கம் போகிறோம். எதிரே ஒரு குட்டிப் பூதம் வருகிறது. மோதினால் செத்தோம், அதன் தலையில் குதித்தால் அது நசுங்கியது. மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி, முட்டினால் காசு. இன்னொன்றை முட்டினால் காளான் வந்து வலப்பக்கம் நகர்ந்து, குழாயில் மோதித் திரும்பி, நம்மை நோக்கியே வருகிறது. பூதத்திடம் சூடுபட்ட பயத்தில் விலகப் பார்க்கிறோம். எகிறினால் மேலே இருக்கிற செங்கல்லில் தலை தட்டி, காளான் மேலேயே விழுகிறோம். விழுந்தால், வளர்கிறோம்! பயந்தது நல்லதாகிப் போகிறது. இதைத் தற்செயல் என்று நினைத்தால் தவறு. அந்தச் செங்கல்லை அந்த இடத்தில் வைத்தது அதற்காகத்தான். ஆசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள், பாடம் நடத்துவது பற்றி நான் சொல்லக் கூடாது. ஆனாலும் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

நோக்கியா போனில் ஓடிய பாம்பு ஆட்டத்துக்கு அதிக நேரம் எடுக்க மாட்டேன். 1997-ல் 6110 மாதிரியில் பின்லாந்தின் டானெலி அர்மாண்டோ செய்தது. 84-க்கு 48 புள்ளி கொண்ட திரை. நம் ஊருக்கு அது பொத்தான் போனில் வந்தது. இந்த மலையில் டவர் கிடைக்காத பள்ளத்திலும் ஓடியது. 2, 4, 6, 8, நான்கு பொத்தான்தான். தின்னத் தின்ன வளரும், வளர வளர இடம் குறையும், கடைசியில் தன் வாலில் தானே முட்டிச் சாகும். வெளியிலிருந்து ஒரு வில்லன் கூட வரவில்லை. அளவுகோலில் வைத்தால் நிற்கிறது, சின்ன உருவம் என்பதால் தள்ளிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும்: “ஐயா, நீங்கள் சொல்கிறபடியே இருக்கட்டும், என் பையன் ராத்திரி ஒரு மணி வரை ஃப்ரீ ஃபயர் ஆடுகிறானே?” அந்தக் கவலை நியாயம். இரண்டு விஷயத்தைப் பிரித்துவிடுகிறேன். ஆன்லைன் ரம்மி மாதிரிப் பணம் கட்டி ஆடுவது என் பேச்சில் சேராது. அது சூதாட்டம் பக்கத்து விவகாரம். தமிழ்நாடு 2022 அக்டோபரில் அதற்கென மசோதா நிறைவேற்றி, ஆளுநரோடு மல்லுக்கட்டி, 2023 ஏப்ரலில் சட்டமாக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாவது, ஃப்ரீ ஃபயர் மாதிரித் துப்பாக்கி ஆட்டங்கள். அவற்றைச் செய்கிறவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் சட்டம் பையனிடம் திரும்பத் திரும்பச் சொல்வது என்ன? போகாதே, நாளைக்கும் வா, அந்தச் சட்டையை வாங்கு, இந்தத் துப்பாக்கிக்குப் பொன்னிறம் பூசு. என் அளவுகோல் அங்கே கடை விரிப்பைத்தான் காண்கிறது. தம்பிகளுக்குக் கோபம் வரும். வெளியே வந்து சண்டை போடுங்கள், தயாராக இருக்கிறேன். (சிரிப்பு.)

ஐந்தே நிமிடத்தில் முடிகிற ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயர் ‘பேசேஜ்’. ஜேசன் ரோரர் 2007-ல் தனி ஆளாகச் செய்தது. 2012-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் முதன்முதலாகப் பதினான்கு வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, டெட்ரிஸோடு இதுவும் போனது. திரை என்பது 100-க்கு 16 புள்ளி உள்ள ஒரு பட்டை. நீங்கள் ஓர் இளைஞன், இடது ஓரம் நிற்கிறீர்கள். வலப்பக்கம் வருங்காலம், கலங்கித் தெரிகிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெண். தொட்டால் அவள் உங்களோடு சேர்ந்து நடப்பாள். தொடாமலும் போகலாம். வழியெங்கும் பெட்டிகள், சிலவற்றில் பொருள் இருக்கும், சில வெறும் பெட்டி. சில பெட்டிகள் குறுகலான சந்துக்குள் இருக்கும். ஒண்டிக்கட்டையாக இருந்தால் நுழைந்துவிடலாம். இருவராக இருந்தால் நுழைய முடியாது. அவ்வளவுதான் சட்டம். நடக்க நடக்க உங்கள் உருவம் திரையில் வலப்பக்கமாக நகர்கிறது, இப்போது கலங்கித் தெரிவது பின்னால் விட்டு வந்தது. முடி நரைக்கிறது, நடை தளர்கிறது. கடைசியை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குறுகலான சந்தின் முன்னால் நின்று, உள்ளே இருக்கிற பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தால், கல்யாணம் ஆனவர்களுக்குச் சிரிப்பு வரும், கூடவே வேறொன்றும் வரும்.

இத்தனையும் ரஷ்யா, ஜப்பான், பின்லாந்து, அமெரிக்கா. நம்மவர் எங்கே என்று கேட்பீர்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் ‘ராஜி’ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. ராஜஸ்தானத்து அரண்மனைகளும் சுவர்ச் சித்திரங்களும் கண்ணுக்கு விருந்து. கை செய்வது வழக்கமான ஈட்டிச் சண்டை. பெருமைப்படுகிறேன், பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

சேர்க்கப் போவது ‘வெண்பா’. கனடாவின் டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. அபி என்ற தமிழர் எழுதி வடிவமைத்தார், சாம் எல்கானா வரைந்தார். 2024-ல் லண்டனில் பாஃப்டா விருதில் முதல் படைப்புக்கான பரிசு இதற்குத்தான். அதே வருடம் சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும்பரிசும் வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

1988. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன தம்பதி, வெண்பாவும் பாவலனும். குளிர், சரியான வேலை இல்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற பேச்சு. பிறகு மகன் கவின் பிறக்கிறான். வெண்பாவிடம் அவளுடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. ஈரம் பட்டு, கறை ஏறி, பக்கம் கிழிந்து, குறிப்புகள் அரைகுறையாகத்தான் படிக்க முடிகிறது. படிக்க முடியாததை நாம் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டம் என்பது இதுதான்.

முதல் பலகாரம் இட்லி. பானை, தண்ணீர், மாவு, தட்டுகள் எல்லாம் திரையில் இருக்கின்றன. தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற இடம் நோட்டில் அழிந்திருக்கிறது. தட்டில் குழியும் உண்டு, ஆவி ஏற ஓட்டையும் உண்டு. ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழி வராமல், மாற்றி அடுக்க வேண்டும். தப்பாக அடுக்கினால் இட்லி ஒழுங்காக வேகாது, மறுபடி செய்ய வேண்டும். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இது ஒரு புதிரா! தினமும் கை செய்வது. ஆனால் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இட்லியையே பார்க்காத பிள்ளைகள் அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆவி எந்த வழியாகப் போகும் என்று யோசித்திருக்கிறார்கள். அடுத்து புட்டு. குழலுக்குள் ஓட்டைச் சில்லு முதலில் போக வேண்டும், பிறகு தேங்காயும் மாவும் மாறி மாறி. சில்லை மறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சமையலை வைத்து எத்தனையோ ஆட்டம் வந்திருக்கிறது. எல்லாம் நேரத்தோடு ஓட்டம், வாடிக்கையாளர் வரிசை, காசு. இங்கே கடிகாரமே கிடையாது. அம்மா கை எப்படிச் செய்ததோ அதைத் தன் கையால் தேடும் ஒரு பெண்ணின் இடத்தில் நம்மை நிறுத்துகிறார்கள். கிழிந்த பக்கத்தை ஊகிப்பதுதான் ஆட்டம், புலம்பெயர்ந்தவளின் வாழ்க்கையும் அதுவேதான். நான் கேட்ட அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு வித்தை. கவின் வளர வளர, அவனுக்குத் தமிழ் நழுவுகிறது. அம்மா பேசுவது அவன் காதில் அரைகுறையாக விழும்போது, திரையில் அந்த எழுத்தும் கலங்கி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வருகிறது. பிறகு ஒருநாள் அதே நோட்டு கவின் கைக்குப் போகிறது. இதுவரை கிழிசல் மட்டும்தான் இடைஞ்சல். இப்போது கிழியாத வரியும் அவனுக்கு முழுசாகப் புரியவில்லை. அதே அடுப்பு, அதே நோட்டு, ஆனால் ஆடுகிற நமக்குக் கை தடுமாறுகிறது. புலிப் பக்கமிருந்து ஆட்டுப் பக்கம் மாறி உட்கார்ந்த மாதிரி. அயல்நாட்டில் பேரப்பிள்ளை இருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ, அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்மவர் செய்தது என்று தூக்கிப் பிடிப்பதாகிவிடும். சமையலுக்கு நடுவில் வரும் உரையாடல்களில் எதைச் சொல்வது என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை அதன் வழியில்தான் போகிறது. அந்த இடங்களில் கை சும்மா இருக்கிறது, கண் மட்டும் வேலை செய்கிறது. எனக்கு ஒரு நல்ல சிறுகதை படித்த நிறைவு வந்தது, ஆனால் ஆட்டம் அங்கே நின்றுவிட்டது. அளவும் சிறிது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தொடங்கினால் சாப்பாட்டு நேரத்துக்கு முடிந்துவிடும். ஆகவே முழு ஆட்டத்தையும் காவியம் என்று சொல்லத் தயங்குவேன். இட்லித் தட்டும் கவின் கையில் போன நோட்டும் காவியத்தின் பகுதிகள் என்று அடித்துச் சொல்வேன். ஐந்து பேரைக் கூட்டி மேடையேற்றினால் இதற்கு எதிராகப் பேசுகிறவர்களும் இருப்பார்கள், இருக்கட்டும். குறைந்தபட்சம் எதிர்த்துப் பேசத் தகுந்த ஒன்றாவது நம் சமையலறையிலிருந்து போயிருக்கிறது.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என் மடிக்கணினியில் ‘வெண்பா’ இருக்கிறது, திரையும் ஆசிரியர் தயவில் கட்டியிருக்கிறது. பின்வரிசைத் தம்பிகள் இப்போது வர வேண்டாம், அவர்களுக்குக் கரும்பலகைக்குக் கீழே தரையில் ஆடு புலி கோடு போட்டு வைத்திருக்கிறேன், கூழாங்கல்லும் கொட்டையும் அங்கேயே இருக்கிறது. கணினிக்கு முதலில் ஓர் அம்மா வாருங்கள். இட்லித் தட்டு அடுக்குகிற இடம் வரும், அவர் அடுக்கட்டும். அவருக்கு மவுஸ் பிடிக்கத் தம்பி ஒருவர் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் எந்தத் தட்டு எங்கே என்று மட்டும் சொல்லக் கூடாது.